வாத்தியார் வீட்டு வட்டம்

எங்கள் திருக்கோகர்ணத்துக்கும் வட்டத்துக்கும் பூர்வ ஜென்மத் தொடர்பு உண்டு. புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசு வட்டம். அதில் இருப்பது எங்கள் ஊர் பிரகதாம்பாள். தேரோடும் ஊராகையால் தேர்ச் சக்கரமும் வட்டம். இவை போதாதென்று முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து, வட்டத்தின் சுற்றளவு இரண்டு பை ஆர் என்று சாக்பீஸ் தேயத் தேயக் கத்தியவன் நான்.

அப்பேர்ப்பட்ட என்னை நாலு வட்டங்கள் சேர்ந்து நடு ரோட்டில் நிறுத்தி வைத்த கதை இது.

என்னிடம் 2008 மாடல் மாருதி ஸ்விஃப்ட் ஒன்று இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 'வயசாயிடுச்சு, ஆனா ஓடுது' என்று என் மனைவி சொன்னால், அவள் காரைச் சொல்கிறாளா என்னைச் சொல்கிறாளா என்று எனக்கே சந்தேகம் வரும்.

என் அக்கா மகன் ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். தகப்பனில்லாத பிள்ளை. பத்தாவது வரை என் வீட்டுத் திண்ணையில்தான் படித்தான். போன வருஷம் சித்திரையில் ஊருக்கு வந்தவன், "மாமா, வண்டியை ஒருநாள் குடுங்க, திருச்சி வரைக்கும் போய்ட்டு வர்றேன்" என்றான். கொடுத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது வண்டி எனக்கே அடையாளம் தெரியவில்லை. பழைய இரும்பு வீல் போய், வெள்ளிப் பாத்திரக் கடை மாதிரி பளபளவென்று நாலு அலாய் வீல். அதில் கொழுகொழுவென்று புது டயர்.

"முதல் போனஸ் மாமா. உங்களுக்கு என்ன வாங்கிக் குடுக்கிறதுன்னு தெரியல. வேட்டி சட்டைன்னா பீரோவுல மடிச்சு வச்சிடுவீங்க."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மனைவி மட்டும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "கல்யாண மாப்பிள்ளைக்குப் பெரிய அளவு ஷூ வாங்கிப் போட்ட மாதிரி இருக்கு" என்றாள். பெண்கள் சொல்வதை அப்போதே கேட்டிருந்தால் ஆண்கள் எழுதுவதற்கு விஷயமே இருக்காது.

முதல் பத்து நாள் ஒரு குறையும் இல்லை. நான் ஒருத்தன் மட்டும் ஏறிக் காய்கறி மார்க்கெட் போய் வந்தேன். தெருவில் சின்னப் பையன்கள் நின்று பார்த்தார்கள். பதினோராம் நாள் சந்தில் வண்டியைத் திருப்ப ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தேன். முன்பக்கம் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

"ஏங்க, நாய் மேல ஏத்திட்டீங்களா?" என்று மனைவி அலறினாள்.

இறங்கிப் பார்த்தேன். நாய் திண்ணையில் படுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் இரக்கம் தெரிந்தது. 'புது டயர், பழகினால் சரியாகிவிடும்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டயர் என்ன, புதுச் செருப்பா பழகுவதற்கு?

எண்பதில் போனால் ஸ்டியரிங் லேசாக நடுங்கியது. அதையும் என் கையின் நடுக்கம் என்று எடுத்துக்கொண்டேன். மருமகன் ஆசையாக வாங்கித் தந்ததில் குறை கண்டுபிடிக்க மனசு வரவில்லை.

வைகாசியில் மகள் வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டில் இருந்தாள். எட்டாம் மாசம். திருச்சியில் டாக்டரிடம் செக்கப். மாப்பிள்ளை லீவு போட்டு வந்திருந்தார். நான், மனைவி, மகள், மாப்பிள்ளை, துணைக்கு அக்கா என்று ஐந்து பேர் ஏறினோம். திருச்சியிலிருக்கும் சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? வடகாட்டிலிருந்து வந்த பலாப்பழம் மூன்று டிக்கியில் ஏறியது. கூடவே ஒரு அரிசி மூட்டை.

நார்த்தாமலைப் பிரிவு தாண்டியதும் பின்பக்கம் 'சர்ர்... சர்ர்...' என்று ஆரம்பித்தது. ரோட்டில் மேடு பள்ளம் வரும்போதெல்லாம் ஒரு தேய்ப்பு. கீரனூர் நெருங்கும்போது மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

"ஏங்க, ஏதோ தீயற வாசனை வருது. ஹேண்ட் பிரேக்கை எடுத்தீங்களா, இல்லையா?"

எடுத்துத்தான் இருந்தேன். கீரனூரில் ஒரு பஞ்சர் கடை முன்னால் ஓரம் கட்டினேன். கடைக்காரப் பெரியவர் குனிந்து பின் டயரைப் பார்த்தார். மட்கார்டின் ஓரம் உள்பக்கமாக மடிந்து கத்தி மாதிரி இருக்குமே, அந்தத் தகரம் டயரின் தோள்பட்டையை அரிவாள்மனையில் வெள்ளரிக்காய் சீவுவது போலச் சுற்றிலும் சீவியிருந்தது. ஒரு இடத்தில் உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்தது.

"இன்னும் இருபது கிலோமீட்டர் இப்படியே போயிருந்தா..." என்று ஆரம்பித்த பெரியவர் நிமிர்ந்தார். பின் சீட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மகளைப் பார்த்தார். மேற்கொண்டு பேசவில்லை.

அவர் முடிக்காத அந்த வாக்கியம் இன்றைக்கும் ராத்திரியில் எனக்குக் கேட்கிறது.

ஸ்டெப்னி எடுக்க வேண்டுமே? அது டிக்கியில் அடியில் இருந்தது. மேலே அரிசி மூட்டை, அதற்கு மேலே பலாப்பழங்கள். நல்ல வேளையாக ஸ்டெப்னி மட்டும் பழைய இரும்பு வீல். மாப்பிள்ளை பேன்ட்டை மடித்துக்கொண்டு பழங்களை ஒவ்வொன்றாக இறக்கி ரோட்டோரம் வைத்தார். இரண்டு பைக்காரர்கள் நிறுத்தி, "பழம் என்ன விலை?" என்று கேட்டார்கள். அந்தக் கவலையிலும் மனைவி ஒருத்தரிடம், "இது சம்பந்தி வீட்டுக்குப்பா" என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்கா மட்டும் தனியாக நின்றாள். சீவப்பட்ட டயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் மகன் வாங்கிக் குடுத்ததாச்சேடா" என்றாள் மெதுவாக. எனக்குப் பதில் தெரியவில்லை.

மகளையும் மாப்பிள்ளையையும் மனைவியையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அக்காவும் நானும் நாற்பதைத் தாண்டாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தோம், பலாப்பழத்தோடு.

மறுநாள் காலையில் எங்கள் ஊர் டயர் கடைக்குப் போனேன். கடைக்காரன் என் பழைய மாணவன். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 23 மார்க் வாங்கி, என்னிடம் பிரம்படி வாங்கியவன். இப்போது கையைக் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தான். 'என்ன சார் இது' என்று கேட்பான் என்று பார்த்தேன். கேட்கவில்லை. ஒரு பழைய நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"சார், டயர்ல எழுதியிருக்கிறதைப் படிங்க."

பழைய டயரில் 165/80 ஆர் 14 என்றும் புது டயரில் 205/65 ஆர் 15 என்றும் இருந்தது.

"ஆர்னா என்ன சார்?"

"ரேடியஸ்" என்றேன், கணக்கு வாத்தியாருக்கே உரிய கம்பீரத்தோடு.

"இல்ல சார். ரேடியல். உள்ளே நூல் போட்டிருக்கிற விதம். 15-ங்கிறது வீலோட விட்டம், அங்குலத்தில. 205 டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. 65-ங்கிறது சதவிகிதம். அகலத்தில 65 சதவிகிதம் பக்கச் சுவரோட உயரம்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவிகிதம், அங்குலம் மூன்றையும் கலந்து எழுதினால் எந்த வாத்தியார் மார்க் போடுவான்? ஆனாலும் பேனாவை எடுத்தேன்.

பழைய டயர்: 165-ல் 80 சதவிகிதம் 132. மேலும் கீழும் சேர்த்து 264. பதினாலு அங்குலம் என்பது 355.6. மொத்த விட்டம் 619.6 மில்லிமீட்டர்.

புது டயர்: 205-ல் 65 சதவிகிதம் 133.25. இரண்டு பக்கமும் 266.5. பதினைந்து அங்குலம் 381. மொத்தம் 647.5.

"28 மில்லிமீட்டர் அதிகம்டா!"

"நாலரை சதவிகிதம் சார். மூணுக்குள்ள இருக்கணும்னு சொல்லுவாங்க. நீங்க மீட்டர்ல எண்பது பார்த்தப்போ வண்டி எண்பத்துமூணரைக்கு மேல போயிருக்கு. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல இருந்த இடத்தில 14 மில்லிமீட்டர் போச்சு. அது உயரத்தில. அகலத்துக்கு வாங்க."

வீலின் முதுகில் ஈ.டி. 35 என்று பொறித்திருந்தது. வண்டியோடு பொருந்தும் முகம், வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதன் கணக்கு அது. ஒரு ஜெர்மன் வார்த்தையின் சுருக்கம். இந்த எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். என் பழைய வீலைவிட இது பத்து குறைவு.

"டயர் 40 மில்லிமீட்டர் அகலம் அதிகம். பக்கத்துக்கு இருபது. ஈ.டி.யில பத்து. வெளிப்பக்கம் எவ்வளவு சார் வந்திருக்கு?"

"முப்பது."

"உள்பக்கம்?"

"இருபதில் பத்தைக் கழித்தால்... பத்து."

"அந்தப் பத்துதான் ஸ்டியரிங்கை ஒடிக்கிறப்போ உள்ளே உரசுது. அந்த முப்பதுதான் அஞ்சு பேர் உட்கார்ந்து பின்பக்கம் தாழ்றப்போ தகரத்தில மாட்டுது. நீங்க தனியா போறப்போ ஒண்ணும் தெரியாது. சுமை ஏறினாத்தான் தெரியும்."

நான் பேனாவை மூடினேன். முப்பத்தைந்து வருஷம் சொல்லிக் கொடுத்த வட்டம். இதைப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிஷத்தை நான் ஒதுக்காததால் என் மகள் நூல் தெரியும் டயரின் மேல் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

நடுக்கத்துக்கும் காரணம் கண்டுபிடித்தான். நம் வண்டியின் அச்சு முகப்பு 54.1 மில்லிமீட்டர். வாங்கிய வீலின் நடு ஓட்டை 73.1. பல வண்டிகளுக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாக வைத்து விற்பார்கள். இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போட வேண்டும். போட்டவர்கள் அதை மறந்திருந்தார்கள். "மெட்டி போடாம தாலி கட்டி அனுப்பிட்டாங்க சார்" என்றான். 23 மார்க் வாங்கிய பையனா இவன் என்று பார்த்தேன்.

நாலு போல்ட்டும் அமையும் வட்டம் மட்டும் சரியாக இருந்தது. நூறு மில்லிமீட்டர். அது சற்றே மாறியிருந்தால்கூட அழுத்திப் பூட்டிவிடுகிற ஆட்கள் உண்டாம். போல்ட் என்றைக்கு முறியும் என்று ஜோசியர்தான் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் மருமகன் ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வந்து நின்றான். அக்கா போனில் சொல்லியிருக்கிறாள். வாசப்படியைத் தாண்டவில்லை.

"மாமா, எல்லாத்தையும் கழட்டிடுங்க. நான் வித்துடுறேன். கடைக்காரர் 'நல்லா உட்காரும் தம்பி'ன்னார். நான் அழகைத்தான் பார்த்தேன்."

"அழகைப் பார்க்கிற வயசு உனக்கு. கணக்குப் பார்க்க வேண்டிய வயசு எனக்கு. சத்தம் கேட்டும் கேட்காத மாதிரி ஒரு மாசம் ஓட்டினது நான்டா. உள்ள வா, பலாப்பழம் இருக்கு, தின்னு."

அவனை உட்கார வைத்து ஒரு விஷயம் சொன்னேன். 2022 ஜூலை 31-ஆம் தேதி ஆடிப்பூரத் தேரோட்டத்தில் எங்கள் ஊர்த் தேர் முன்பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தது. பலருக்குக் காயம். அன்றைக்கு ஊரே கலங்கி நின்றது. சக்கரம் உருளும் இடத்தில் ஒரு சின்னப் பிசகு போதும் என்பது இந்த ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்காகப் புதுசாக எதையும் மாட்டக்கூடாது என்றும் இல்லை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தார்கள். தேர் தேராகத்தான் இருக்கிறது, திருப்பத்தில் அடங்கி நிற்கிறது. அளந்து செய்தால் அழகும் இருக்கும், ஆபத்தும் இருக்காது.

"அதனால வீலைக் கழட்டப் போறதில்ல. டயரைத்தான் மாத்தப் போறோம். கணக்கை நீ போடு" என்று நோட்டை அவனிடம் நீட்டினேன்.

முதலில் 185/60 ஆர் 15 போட்டான். விட்டம் 603. இரண்டே முக்கால் சதவிகிதம் குறைவு. பரவாயில்லை. ஆனால் டயரில் இன்னொரு எண் உண்டு, அது எவ்வளவு சுமை தாங்கும் என்பது. எங்கள் பழைய டயர் 85. அதாவது ஒரு டயருக்கு 515 கிலோ. கடையிலிருந்த 185/60 டயரில் 84 என்றிருந்தது. 500 கிலோ. கம்பெனி கொடுத்ததைவிடச் சுமையில் குறையக்கூடாது. தள்ளுபடி.

அடுத்து 195/60 ஆர் 15. விட்டம் 615. பழையதற்கும் இதற்கும் ஐந்து மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. சுமை எண் 88. 560 கிலோ. உரசின டயரோடு ஒப்பிட்டால் தகரத்துக்கு இந்தப் பக்கம் 5 மில்லிமீட்டர், மேலே 16 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். என் வீல் ஆறு அங்குல அகலம், அதற்கும் பொருந்தும்.

"காகிதத்தில் சரி. வண்டியில் சரியா?" என்றேன்.

மாணவன் சிரித்தான். "சார், சாக்பீஸ் இருக்கா?"

என் வீட்டில் சாக்பீஸுக்கா பஞ்சம்? டயரின் இரண்டு தோள்களிலும், மட்கார்டின் உள் மடிப்பிலும் தாராளமாகப் பூசினோம். ஐந்து பேர் ஏறினோம். மகளை ஏற்றவில்லை, அவளுக்குப் பதிலாக ஒரு அரிசி மூட்டை. டிக்கியில் இன்னொரு மூட்டை. ஸ்டியரிங்கை இடது கோடி, வலது கோடி ஒடித்து முன்னும் பின்னும் நகர்த்தினோம். ரோட்டிலுள்ள எல்லா வேகத்தடைகளிலும் ஏறி இறங்கினோம். ஒரு குழியைத் தேடிப் போய் விழுந்தோம். அதற்கு அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தோம். பூசிய சுண்ணாம்பு பூசியபடியே இருந்தது. எங்கேயும் கலையவில்லை.

எழுபது கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி வந்து நட்டுகளை முடுக்கிக்கொண்டு போகச் சொன்னான். புது அலாய் வீல் போட்டால் அது அவசியமாம். டயரின் வயசு பார்க்கவும் சொல்லிக் கொடுத்தான். பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கம் வாரமும் வருஷமும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரத்தில் பிறந்தது. டயருக்குக்கூட ஜாதகம் இருக்கிறது.

கிளம்பும்போது கேட்டேன். "ஏன்டா, இவ்வளவு கணக்குத் தெரிஞ்சவன் அன்னிக்கு ஏன் 23 மார்க் வாங்கினே?"

"அன்னிக்கு வட்டம் போர்டுல இருந்துச்சு சார். இப்ப கையில இருக்கு."

இந்தப் பதிலுக்கு நூற்றுக்கு நூறு போடலாம். போடத்தான் என்னிடம் இப்போது விடைத்தாள் இல்லை.

புது டயருக்கான பணத்தை நான் கொடுத்தேன். பாதியை மருமகன் அடுத்த மாதச் சம்பளத்தில் அனுப்பினான். வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்படுவான் என்று வாங்கிக்கொண்டேன்.

ஆனி மாசக் கடைசியில் ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்கு மகளுக்கு வலி எடுத்தது. அதே ஐந்து பேர். அதே திருச்சி ரோடு. நான் ஓட்டுகிறேன், காது முழுக்கப் பின் சக்கரத்தில். நார்த்தாமலைப் பிரிவு போயிற்று. கீரனூர் வந்தது. அந்தப் பஞ்சர் கடை மூடிக் கிடந்தது. போகிற போக்கில் அதற்கு ஒரு கும்பிடு போட்டேன்.

மனைவி முன்னால் குனிந்து, "ஏங்க, சத்தமே காணோமே... வண்டி ஓடுதா, நிக்குதா?" என்றாள். வலியிலும் மகள் சிரித்தது கேட்டது.

விடியற்காலையில் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

எங்கள் பிரகதாம்பாளை அரைக்காசு அம்மன் என்பார்கள். தொலைந்த பொருள் கிடைத்தால் வெல்லம் வைப்பதாக வேண்டிக்கொள்வது ஊர் வழக்கம். ஊருக்குத் திரும்பியதும் மனைவி ஒரு பெரிய அச்சு வெல்லத்தோடு கோயிலுக்குக் கிளம்பினாள்.

"என்ன தொலைச்சே?" என்று கேட்டேன்.

"நான் எதையும் தொலைக்கல. கீரனூர் ரோட்டுல உங்க புத்தி தொலைஞ்சு போச்சே, அது கிடைக்கணும்னு வேண்டியிருந்தேன். கிடைச்சிடுச்சு" என்றாள்.

பதினாறாம் நாள் மருமகன் போன் பண்ணினான்.

"மாமா, பாப்பாவுக்குத் தள்ளுவண்டி ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். சூப்பரா இருக்கு. அலாய் வீல்!"

"அளவைச் சொல்லு" என்றபடி நான் சாக்பீஸைத் தேடினேன்.